தாழியும் திருவோடும்



ஆங்கில இலக்கியம் பயிலும் நம் பிள்ளைகள் வகுப்பிற் கேட்டு, தேர்வுக்காக உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாட்டுகள் பல. அவற்றுள் ஒன்று, ஜான் கீட்ஸ் என்னும் இளம் புலவர் கிரேக்க நாட்டுப் பளிங்குத் தாழி ஒன்றை விளித்துப் பாடியது. கலை, அழகு, காலம் என்னும் மூன்றையும் குறித்து எழுந்த ஆங்கிலப் பாட்டுகளுள் இதனைப்போல் ஆராயப்பட்டவை மிகச் சிலவே. "தம்மம் பேசவேண்டிய பக்கத்தில் இப்பாட்டுக்கு என்ன வேலை?" என்று நம் பெரியோர் சிலர் வினவக்கூடும். முறையான வினாவே. ஆயின், காலம் என்று அப்புலவர் எதைச் சொன்னாரோ அதை நாம் அநித்தியம் என்கிறோம். ஏக்கம் என்று அவர் எதைப் பாடினாரோ அதை நாம் அவா என்கிறோம். அவர் நோய் நம் நோயே. அவர் நாடிய மருந்து எத்தகையது என்று பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

முதற்கண் புலவரை அறிவோம். கீட்ஸ் 1795ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையையும் பதினான்கு வயதில் தாயையும் இழந்தார். மருத்துவம் பயின்று, கைஸ் மருத்துவமனையில் தொழில் கற்று, பின்னர் அதனை விடுத்துக் கவிதையை மேற்கொண்டார். தாயை உண்ட காசநோய் 1818 டிசம்பரில் தம்பி டாமையும் கொண்டு சென்றது. தம்பிக்கு அப்போது வயது 19. படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தவர் அண்ணனே. அடுத்த ஆண்டு, 1819இல், இத்தாழிப் பாட்டு பிறந்தது. 1821 பிப்ரவரியில் ரோமாபுரியில் அதே நோயால் அவரும் மறைந்தார், வயது 25. தம் கல்லறையில் பெயர் பொறிக்க வேண்டா, நீரின்மேல் பெயர் எழுதப்பட்ட ஒருவன் இங்குக் கிடக்கிறான் என்ற அளவில் பொறித்தாற் போதும் என்று அவர் வேண்டிக்கொண்டார். நீர்மேல் எழுத்து என்பது நம் தமிழ் மக்கள் வாயிலும் வழங்கும் உவமை அன்றோ! நிலையாமையை உணர்ந்த நெஞ்சுக்கு எந்நாட்டிலும் ஒரே உவமைதான் தோன்றும் போலும்.

இனிப் பாட்டினைக் காண்போம். அது ஐம்பது அடிகளால் ஆகியது. ஐந்து பகுதிகளை உடையது. அந்தத் தாழி இன்ன இடத்தில் இருந்த இன்ன தாழி என்று எவராலும் சுட்ட இயலாது. பிரித்தானியப் பொருட்காட்சிசாலையில் கிரேக்கச் சிற்பங்களைக் கண்டு கண்டு, படநூல்களில் இருந்த தாழிகளை வரைந்து பார்த்து, புலவர் தம் உள்ளத்திலேயே வனைந்த தாழி அது. அதன் புறத்தே சுற்றிலும் உருவங்கள். மரநிழலில் ஒருவன் குழல் ஊதுகிறான், அப்பாட்டுக்கு முடிவில்லை. இளைஞன் ஒருவன் காதலியை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கிறான், என்றைக்கும் எட்டான், ஆயினும் அவள் அழகு வாடுவதில்லை. மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. அங்கு எப்போதும் இளவேனில். மற்றொரு பக்கத்தில், மாலையணிந்த கிடாரி ஒன்றைப் பூசாரி பலிபீடத்துக்கு ஓட்டிச் செல்கிறான். மக்கள் கூட்டமாய்ப் பின்தொடர்கின்றனர். அவர்கள் விட்டுவந்த சிற்றூர், ஒருவரும் திரும்பி வராமையால், என்றென்றும் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஈற்றில் அந்தத் தாழி, மாந்தர்க்கு நண்பனாய் நின்று, அழகும் வாய்மையும் வேறல்ல என்னும் கருத்தை உரைக்கிறது.

பாட்டின் பொருள் இவ்வளவே. இதனை எழுதிய கையை நினைந்து பாருங்கள். தம்பியின் நாடியைப் பிடித்து, அது தளர்ந்து தளர்ந்து நிற்பதை அறிந்த கை. அக்கை, வாடாத இளமையையும் உதிராத இலையையும் பளிங்கிலே தேடியது வியப்பன்று. மாண்ட மகவை இடுப்பில் ஏந்தி, வீடுதோறும் மருந்து கேட்டுத் திரிந்த கிசாகோதமி தேடியதும் இதுவே. காலத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்திவிட முடியாதா என்பதே இருவர் கேள்வியும். நம்மில் எவர் இக்கேள்வியைக் கேளாதவர்? குறுகிய சந்துகளில், காற்றும் ஒளியும் நுழையாத அறைகளில், காசநோய்க்குத் தம் மக்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆதலின் இப்பாட்டை, உண்டு களித்தோரின் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடலாகாது. துக்கம் என்னும் முதல் வாய்மையை இப்புலவர் கண்ணாரக் கண்டவர்.

ஆனால் ததாகதர் கிசாகோதமிக்குப் பளிங்குப் பதுமை ஒன்றைக் கொடுத்து, "இது சாகாது, இதைப் பார்த்திரு" என்று கூறவில்லை. சாவு நுழையாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார். அவள் ஒவ்வொரு வாயிலாய் ஏறி இறங்கி, தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்று கண்டாள். சிற்பம் காலத்தை நிறுத்திக் காட்டுகிறது. தம்மமோ காலத்தின் ஊடே நம்மை நடத்திச் சென்று கண் திறக்கிறது.

பாட்டினுள் புலவரும் இதனை உணர்ந்தே இருக்கிறார். தாழியில் நிற்கும் இளைஞன் நிலை என்ன? அவன் மூப்படையான், உண்மை. ஆனால் அவன் வேட்கை தீர்வதும் இல்லை, அவிவதும் இல்லை. ஓர் எட்டு இடைவெளியில் தாகத்தோடு ஊழி ஊழியாய் நிற்கிறான். அதைப் பேறு என்பதா, தண்டனை என்பதா? பகவன் காட்டிய சாவாமை இதுவன்று. ஒரு கணத்தை உறையவைத்து நீட்டிப்பதால் நிப்பாணம் வாராது. தாகம் தணிவதே நிப்பாணம். இவ்விரண்டன் வேறுபாட்டை நம் இளைஞர் அறிந்துகொண்டால், இப்பாட்டின் பாதியை அறிந்தவராவர்.

அழகையும் காலத்தையும் பற்றி நம் நெறியிலும் பாட்டுகள் உண்டு. வைசாலி நகரின் அம்பபாலி கணிகையாய் இருந்து, பின் பிக்குணி ஆனவள். தேரிகாதையில் உள்ள அவள் பாட்டில், தன் கூந்தல், புருவம், கண், பல், குரல், கைகள் என்று ஒவ்வொன்றாய் எடுத்து, அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி ஆயிற்று என்று கூறுகிறாள். கூறி, ஒவ்வொரு முறையும் வாய்மை உரைத்தவர் சொல் மட்டும் மாறவில்லை என்று முடிக்கிறாள். தமிழில் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையின் வாயிலாகவும் இதனைச் செய்திருக்கிறார். காயசண்டிகை வடிவில் நிற்கும் மணிமேகலை, தன்னைத் தொடரும் அரசிளங்குமரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, புலவர்கள் புகழும் உறுப்புகளெல்லாம் என்னவாயின என்று பார்க்கச் சொல்கிறாள். கீட்ஸின் தாழி அழகை நிறுத்திவைத்து வாய்மை என்கிறது. அம்பபாலியோ அழகு கழிவதைக் கண்கொட்டாமல் பார்த்து, அந்தப் பார்வையையே வாய்மை என்கிறாள். தன் முகத்து முதுமையை அச்சமின்றிப் பாடும் அந்தக் கிழவியின் பாட்டிலும் பேரழகு உண்டு என்பதைப் படித்தோர் அறிவர்.

இனி, அந்தக் கிடாரியிடம் வருவோம். பாட்டினைப் போற்றுவோர் பலர் குழல் ஊதுவோனிடமும் காதலரிடமும் நின்றுவிடுகின்றனர். நாம் அங்ஙனம் நிற்றல் கூடாது. மாலை சூட்டி, பட்டுப்போன்ற விலாவை அழகு செய்து, அவ்வுயிரைக் கொலைக்கு ஓட்டிச் செல்கிறார்கள். புலவரின் காதில் அதன் கதறல் விழுந்தே இருக்கிறது. அது வானை நோக்கிக் கதறுவதாகவே பாடியிருக்கிறார். தாழியில் கத்தி ஒருநாளும் இறங்காது. ஆயினும் அந்தக் கிடாரி ஒருநாளும் விடுதலையும் பெறாது. அழகிய சிற்பத்தினுள் ஒரு கொடுமை அழகாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. கலையைக் குறித்து நாம் விழிப்போடு இருக்கவேண்டிய இடம் இதுவே.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை எண்ணிப் பாருங்கள். அங்கும் வேள்விக்கென்று நிறுத்திய பசு. அங்கும் கொம்பிலே மாலை. ஆபுத்திரன் அதன் துயரைக் கண்டான். காண்பதோடு நின்றானில்லை. இருளில் அதனை அவிழ்த்துக்கொண்டு ஊரைக் கடந்தான். பிடித்து அடித்தார்கள். பசுவும் அடித்தவன்மேற் பாய்ந்து காட்டுக்குள் ஓடிற்று. "பால் கொடுத்து வளர்க்கும் இவ்வுயிரோடு உங்களுக்கு என்ன பகை?" என்னும் பொருள்பட அவன் கேட்டபோது, அவர்கள் விடை சொல்லவில்லை, அவன் பிறப்பைச் சொல்லி இழித்தார்கள். நியாயத்துக்கு விடை இல்லாதபோது பிறப்பை எடுப்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தின் சுவையை நம்மைப்போல் அறிந்தோர் யார்? ஆபுத்திரன் நகைத்து, அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பையே எடுத்துக் காட்டினான். பின்னர் அவன் ஐயமேற்ற ஓட்டில் அவ்வூரார் கல்லை இட்டார்கள். அந்த ஓட்டோடுதான் மதுரை சென்று, பிச்சையேற்று, குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டான். அவன் கைக்குத்தான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தந்தாள் என்கிறது காப்பியம்.

பாலி நூல்களிலும் இதற்கு இணை உண்டு. கூடதந்தன் என்னும் அந்தணன் எழுநூறு காளைகளும் எழுநூறு கிடாரிகளும் ஆடுகளும் சேர்த்துப் பெருவேள்வி செய்யக் கருதிப் பகவனிடம் முறை கேட்க வந்தான். பகவன் உரை கேட்டபின் அவற்றை எல்லாம் அவிழ்த்துவிட்டு, பசும்புல் மேயட்டும், குளிர்ந்த நீர் பருகட்டும், தென்றல் வீசட்டும் என்றான். தாழியின் இளவேனில் எங்கே? அவிழ்த்துவிட்ட கிடாரியின்மேல் வீசிய அந்தக் காற்று எங்கே? இரண்டும் அழகே. ஒன்று பார்ப்பவனுக்கு மட்டும் இனியது. மற்றொன்று உயிர்க்கு இனியது.

பாட்டில் வரும் வெறிச்சோடிய சிற்றூரும் நம் நெஞ்சைத் தொடுவது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் புறப்பட்டு, தோல் பதனிடவும் ஆலைகளில் உழைக்கவும் இம்மாநகர் வந்த நம் முன்னோர் விட்டுவந்த தெருக்கள் உண்டு. அங்கே வாசல் மெழுகுவாரின்றிப் போன வீடுகளும் உண்டு. சிலர் அவ்வூரை நினைவிலே தாழியைப்போல் வனைந்து, அங்கே எல்லாம் இனிதாய் இருந்ததாகப் பேசுவர். பொதுக் கிணற்றில் நீர் மொள்ளத் தடை இருந்ததையும், செருப்பணிந்து நடக்க இயலாத தெரு இருந்ததையும் அந்தச் சித்திரம் காட்டாது. அன்பினால் நினைப்போம், ஆனால் உள்ளவாறு நினைப்போம். உள்ளதை உள்ளவாறு காண்பதே நற்காட்சி.

இறுதி அடிகள் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அழகும் வாய்மையும் ஒன்றே என்பதைச் சொல்வது தாழியா, புலவரா என்று நிறுத்தக் குறிகளைக் காட்டி வாதிடுவர். டி. எஸ். எலியட் என்னும் புலவர் 1929இல் தாந்தேயைப் பற்றி எழுதுகையில், நல்ல பாட்டுக்கு அவ்வடி ஒரு பெரிய மறு என்றே கூறிவிட்டார். நாம் அவ்வளவு விரைந்து தள்ள வேண்டுவதில்லை. தாழியை மாந்தரின் நண்பன் என்று கீட்ஸ் அழைத்தது நமக்கு ஒரு திறவுகோல் தருகிறது. பாலியில் கல்யாணம் என்ற சொல்லுக்கு அழகு, நன்மை என்னும் இரு பொருளும் உண்டு. தம்மம் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் கல்யாணமானது என்பர். கல்யாண மித்திரர் என்றால் நன்மையும் அழகும் ஒருங்கே உடைய நண்பர். அத்தகைய நட்பு தூய வாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூற, பாதியன்று, முழுதும் அதுவே என்று பகவன் திருத்தினார். பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், பகவன் அழகினிடத்துக் கொண்ட மகிழ்ச்சிக்கெனவே ஒரு பகுதி அமைத்து, இந்நட்புச் செய்தியை அங்கே வைத்திருக்கிறார். வறுமையை அறம் என்று போற்றாத அப்பெருமகன், அழகை நம்மிடமிருந்து விலக்கவும் இல்லை. அழகு உயர்ந்தோர் வீட்டுப் பொருள், நமக்கு உரியது உழைப்பு மட்டுமே என்று எவரேனும் சொல்வாராயின், அவர் தம்மம் அறியாதவர்.

தாழி என்ற சொல் நமக்குப் புதிதன்று. பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூரில் நம் முன்னோர் இறந்தாரை மண்தாழியில் இட்டுப் புதைத்தனர். அவை 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவரால் பெருமளவில் அகழ்ந்து எடுக்கப்பட்டன. ஆயின் கீட்ஸின் தாழிக்கு நேர் நிறுத்தத்தக்க பேழை இம்மும்பையிலேயே உள்ளது. விரார் வண்டியில் ஏறினால், விராருக்கு முந்திய நிலையம் நாலாசோபாரா. அதுவே பழைய சூர்ப்பாரகம், மேல்கடலின் பெருந்துறை. 1882இல் பண்டிதர் பகவான்லால் இந்திராஜி அங்கிருந்த மேட்டை அகழ்ந்தார். அது பாழடைந்த தூபம் என்று தெரிந்தது. நடுவே ஒரு கற்பெட்டி. அதனுள் செப்புப் பேழை. அதனைச் சூழ வெண்கலத்தில் எட்டுத் திருவுருவங்கள். வரப்போகும் மைத்திரேயரும் கௌதமர் ஈறாக எழுவர் புத்தரும். செப்புப் பேழைக்குள் வெள்ளிப் பேழை; வெள்ளிக்குள் கல்; கல்லுக்குள் படிகம்; படிகத்துக்குள் பொன். பொற்பேழையைத் திறந்தபோது உள்ளே இருந்தவை பதின்மூன்று சிறு மண்ணோட்டுத் துண்டுகள்! பகவனின் திருவோட்டுத் துண்டுகள் என்று போற்றி வைக்கப்பட்டவை அவை என்று பண்டிதர் கருதினார். இச்செல்வம் கோட்டைப் பகுதியில் நகர மண்டபத்தில் உள்ள ஏசியாட்டிக் சங்கத்தின் காப்பில் இருந்து வருகிறது.

நன்கு எண்ணுங்கள். பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பாத்திரங்களைப் பகவன் பிக்குகளுக்கு விலக்கினார். இரும்பும் மண்ணுமே தகும் என்றார். அந்த மண்ணைத்தான் அடியார்கள் பொன்னிற் பொதிந்தனர். கிரேக்கத் தாழியில் அழகெல்லாம் புறத்தே. உள்ளே என்ன என்று புலவர் கேட்கவும் இல்லை. சோபாராப் பேழையிலோ, ஒன்றன்பின் ஒன்றாய் அழகைத் திறந்துகொண்டு போனால், முடிவில் இருப்பது உடைந்த ஓடு. வீடுவீடாய் நின்று, இன்னார் இனியார் என்று பாராமல் ஏற்ற ஓடு. உடைந்ததை உடையாததுபோல் அப்பேழை காட்டவில்லை. உடைந்ததை உடைந்ததாகவே ஏந்தி நிற்கிறது. அழகும் வாய்மையும் அங்கே ஒன்றாகின்றன என்று நாம் சொல்லலாம்.

அதே சோபாராவில் அசோகரின் எட்டாம் கல்வெட்டின் துண்டும் 1882இல் கிடைத்தது. ஒன்பதாம் கல்வெட்டின் துண்டு அதன் அருகே 1956இல், நாகபுரியில் பெருந்திரள் திரிசரணம் ஏற்ற அதே ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. வெறுஞ்சடங்குகளால் பயன் சிறிது; அடிமையிடத்தும் ஏவலரிடத்தும் முறையாய் நடத்தலே மெய்யான மங்கலம் என்பது அந்த ஒன்பதாம் கட்டளையின் கருத்து.

இங்கேதான் நமக்கு எச்சரிக்கை உள்ளது. 1956 அக்டோபர் 14ஐ நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். பகவன் படத்துக்கும் பாபாசாகேப் படத்துக்கும் மாலை சூட்டுகிறோம். நன்று. ஆனால் அந்நாள் தாழியிற் பொறித்த சித்திரமாகிவிட்டால் என்ன ஆகும்? ஊர்வலம் நின்ற இடத்திலேயே நிற்கும். குழலோசை எழுந்த இடத்திலேயே உறையும். கிடாரியும் கட்டவிழாமலே நிற்கும். நம் இல்லத்துப் பெண்ணுக்குப் படிப்பை மறுத்து, நம்முள்ளும் உட்பிரிவு பார்த்து மணம் பேசி, சாக்கடையில் இறங்கும் தோழனை விலக்கி வைத்து, மேலே படத்துக்கு மட்டும் மாலையிட்டால், நாமும் அழகிய பளிங்கினுள் ஒரு கொடுமையை நிலைநிறுத்தியவர் ஆவோம். இவற்றுள் ஒன்றையேனும் அவிழ்த்துவிடுகின்ற வீட்டில் அன்றைக்கே தீட்சை புதிதாய் நிகழ்கிறது.

தாராவியில் குஜராத்திலிருந்து வந்த குயவர் வாழும் கும்பார்வாடா நமக்கு அயல். அங்கே மண் குழைவதையும், திகிரி சுழல்வதையும், சூளைப் புகை எழுவதையும் நாள்தோறும் காண்கிறோம். குயவன் வனைந்த கலம் சிறிதாயினும் பெரிதாயினும், சுட்டதாயினும் சுடாததாயினும், முடிவில் உடையும். மாந்தர் வாழ்வும் அத்தகையதே என்று பகவன் உரைத்தார். அவர் இராசகிருகத்தில் பார்க்கவன் என்னும் குயவனின் பட்டறையில் ஓர் இரவு தங்கி, புக்குசாதி என்னும் வழிப்போக்கர்க்கு நள்ளிரவு கடந்தும் அறம் சொன்னார் என்பது வரலாறு. உடையும் என்று தெரிந்தே குயவர் நாளையும் வனைவார். அக்கலத்தில் ஒருவன் நீர் பருகுவான். அதுபோல, கழியும் என்று தெரிந்தே நாம் நம் நாளை வனைவோமாக. அதில் ஒருவர் தாகமேனும் தணிக.

நம் பிள்ளைகள் கீட்ஸின் பாட்டை நன்கு படிக்கட்டும். அதன் இன்னோசையில் மகிழட்டும்; இருபத்தைந்து வயதில் அவிந்த அந்த உயிர்க்காக நெஞ்சு இளகட்டும். படித்து முடித்தபின் மணிமேகலையையும் திறக்கட்டும். தாழியின் முன் நின்று வியக்கக் கற்றவர்கள், ஓட்டினை ஏந்தி நிற்பவர் முன் நிற்கவும் கற்பாராக.

அனைத்துயிரும் நலம் பெறுக! ஸாது! ஸாது! ஸாது!